பரங்கிப் பிஞ்சு உதிர்வதேன்?

பரங்கிக் கொடி நிறையப் பூத்தும் பிஞ்சுகள் வெம்பி உதிர்வதைக் கண்ட குடியானவர்கள், அதனை உரக்குறைவென்றே எண்ணுவதுண்டு. மகரந்தம் சேராமையும் அதற்கு முக்கிய காரணமாகும்.

இக்கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே உண்டாகின்றன. இதழ்களின் கீழே சிறு பிஞ்சுடன் தோன்றுவதே பெண் பூ. மகரந்தம் கனத்துப் பிசுபிசுப்பாயிருத்தலின் காற்றிற் பறவாது. தேனீக்களே அதனைக் கொண்டு சேர்ப்பன. பூக்களோ விடியலில் மலர்ந்து உச்சிக்கு முன்னரே கூம்பிவிடும். அவ்வேளையிற் பூச்சிமருந்து தெளிப்போர் தம் விளைவைத் தாமே கெடுத்துக்கொள்பவராவர். மருந்து அவசியமாயின் அந்தியில் தெளித்தல் நலம்.

தேனீ வரத்துக் குறைந்த நிலங்களில், காலை 9 மணிக்குள், அன்றலர்ந்த ஆண் பூவைக் கொய்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவுதல் வேண்டும். இதற்குச் செலவு யாதுமில்லை. கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பாராக.