உஷார்! ஸ்பைனல் டிரேயில் தப்பான ஆம்ப்யூல்

ஆபரேஷன் தியேட்டரில் நிற்கும் நர்ஸ் தங்கைகளே, ஆம்ப்யூலை உடைப்பதற்கு முன் ஒரு நொடி நில்லுங்கள். இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

சிசேரியனுக்காக மேசையில் ஒரு பெண். முதுகில் ஸ்பைனல் போட்டாயிற்று. கால் மரத்துப்போக வேண்டிய நேரத்தில், "இடுப்பெல்லாம் எரியுது சிஸ்டர், கால் வலிக்குது" என்று துடிக்கிறாள். கொஞ்ச நேரத்தில் கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன. அப்புறம் உடம்பு முழுக்க வலிப்பு. உடைத்த ஆம்ப்யூலை எடுத்துப் பார்த்தால், அது மரத்துப்போக வைக்கும் பூபிவக்கெய்ன் இல்லை. டிரானெக்ஸாமிக் ஆசிட்!

எங்கோ ஒருத்திக்கு நடந்தது என்று விட்டுவிடாதீர்கள். இந்த மருந்து தவறுதலாக முதுகில் ஏறிய 21 பேரின் விவரத்தை 2019-ல் வெளியான ஓர் ஆய்வு திரட்டியது. அதில் 10 பேர் இறந்துபோனார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனமே இதற்காக எச்சரிக்கை விடுத்தது.

மருந்து கெட்டதல்ல. பிரசவத்துக்குப் பின் ரத்தம் கொட்டும்போது, 3 மணி நேரத்துக்குள் 1 கிராம், ரத்தநாளம் வழியாக மெதுவாகப் போட்டால் தாயைக் காப்பாற்றும். தண்டுவட நீரில் கலந்தாலோ, நரம்புகளை அடக்கி வைக்கும் சமிக்ஞையையே தடுத்துவிடும். வலிப்பு அதனால்தான்.

தப்பு எப்படி நடக்கிறது? பூபிவக்கெய்ன், டிரானெக்ஸாமிக் ஆசிட் இரண்டும் தண்ணீர் மாதிரி தெளிவான மருந்து. ஆம்ப்யூலும் பல நேரம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். போன வாரம் வந்த கம்பெனி வேறு, இந்த வாரம் வந்தது வேறு. அவசரத்தில் கை பழக்கத்துக்குப் போகும். கண் லேபிளுக்குப் போகாது!

ஸ்பைனல் போட்ட பிறகு முதுகு, பிட்டம், கால் வலிக்கிறது என்றால் பயத்தில் கத்துகிறாள் என்று நினைக்காதீர்கள். மரத்துப்போகவில்லையா? ஸ்பைனல் பிடிக்கவில்லை என்று சொல்லி உடனே இன்னொன்று போடத் தயாராகாதீர்கள். முதலில் ஆம்ப்யூலைப் பாருங்கள். கால் துள்ளினால், நாடித்துடிப்பு தாறுமாறானால், ஒரு நொடியும் தாமதிக்காமல் மயக்க மருந்து டாக்டரிடம் சத்தமாகச் சொல்லுங்கள். காலி ஆம்ப்யூலை அறுவை முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். லேபிளை இரண்டு பேர் வாய்விட்டுப் படியுங்கள். டாக்டர் அவசரப்படுத்தினாலும் படியுங்கள்.

இன்று டூட்டிக்குப் போனதும் மயக்க மருந்து டிராலியைத் திறந்து பாருங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், டிரானெக்ஸாமிக் ஆசிட்டை அங்கிருந்து உடனே எடுத்து வேறு இடத்தில் வையுங்கள், அம்மா.