ஒரே குழந்தைக்கு 2 காய்ச்சல்! டெங்கு பின்னால் ஒளிந்து வரும் உண்ணி

திண்டுக்கல்,—
மழை முடியும் சமயம் பிள்ளைக்குக் காய்ச்சல். ரத்தம் சோதித்தால் டெங்கு. "அதான் ரிப்போர்ட் வந்திருச்சே!" என்று பெற்றோர் இருந்துவிடுகிறார்கள். ஆபத்தே அங்கேதான். டெங்கு கண்ட குழந்தைக்கு உண்ணிக் காய்ச்சலும் சேர்ந்து வருவது உண்டு.

வீட்டில் கொசு, புதரில் பூச்சி

திண்டுக்கல்லின் தண்ணீர்க் கஷ்டம் ஊரறிந்த கதை. குழாயில் வருகிற அன்று டிரம், தொட்டி, குடம் என்று பிடித்து வைக்கிறோம். மூடாத அந்தத் தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. 2017-ல் தமிழ்நாட்டில் 23 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு கண்டது. 65 பேர் பலியானார்கள்.

உண்ணிக் காய்ச்சலைப் பரப்புவது புதரிலும் வரப்புப் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சி. ஆடு மேய்க்கவும் பந்து பொறுக்கவும் புதருக்குள் நுழையாத பிள்ளை நம்ம கிராமங்களில் ஏது?

கறுப்புப் பொருக்கு

பூச்சி கடித்த இடத்தில் பீடி நெருப்பு சுட்டது போல் கறுப்புப் பொருக்கு தட்டும். வலிக்காது, அரிக்காது, பிள்ளை சொல்லாது. அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம் எல்லாம் தாய்மார்கள் பார்க்க வேண்டும். கண்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும். ஆகவே 5 நாள் தாண்டியும் காய்ச்சல் விடாவிட்டால், டெங்கு என்று தெரிந்திருந்தாலும், "வேற காய்ச்சலும் இருக்கா, பாருங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை. டைபாய்டு, மலேரியாவும் இப்படிச் சேர்ந்து வரலாம்.

மருந்து இருக்கு!

டெங்குவைக் கொல்ல மருந்து கிடையாது. உடம்பில் நீர் குறையாமல் காப்பதே வைத்தியம். உண்ணிக் காய்ச்சலுக்கோ டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்று விலை குறைந்த மருந்துகள் உண்டு. சீக்கிரம் கொடுத்தால் பெரும்பாலும் 2 நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதித்தால் நுரையீரல், மூளை வரை பாதிக்கும்.

இன்னொரு எச்சரிக்கை: டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் கண்டம். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ரத்தக் கசிவு, துவண்டு கிடப்பது — இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆஸ்பிரின், புரூபன் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

2022-ல் திண்டுக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி நாளைக் கடத்தாதீர்கள். தொட்டியை மூடுங்கள், பிள்ளையின் அக்குளைப் பாருங்கள்!