பரணில் கிடக்கும் கேம்... புதுத் திரையில் மறுபிறவி!

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறிவிட்டு இறங்கும் குடும்பங்களை அடிவாரத்துப் பொம்மைக் கடைகள் லேசில் விடுவதில்லை. 365 படிகளையும் 'அரோகரா' சொல்லி ஏறிய பிள்ளை, இறங்கும்போது கடை வாசலில் உட்கார்ந்துவிடும். தொண்ணூறுகளில் இப்படித் திருவிழாக் கடைகளில் அடம்பிடித்து வாங்கப்பட்ட பொருள்களில் ஒன்று, 'பிரிக் கேம்'.

சாம்பல் நிறத் திரை, 2 பென்சில் பேட்டரி, மேலிருந்து விழும் கட்டைகள். '9999 விளையாட்டுகள்' என்று முன்பக்கத்தில் பெரிதாக அச்சடித்திருக்கும். நிஜத்தில் வேறு வேறு விளையாட்டுகள் கொஞ்சம்தான். வேகத்தையும் லெவலையும் மாற்றி மாற்றிக் கணக்குக் காட்டியிருப்பார்கள்! வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் இருந்த வீடுகளுக்கு மட்டும் நிண்டெண்டோவின் 'கேம் பாய்' வந்து சேர்ந்தது.

அவையெல்லாம் இன்று பரணில் கிடக்கின்றன. பேட்டரி கசிந்து, ஸ்பிரிங் துருப்பிடித்து, பட்டன் அமுங்காமல். ஆனால், அந்த விளையாட்டுகள் சாகவில்லை. அன்பெர்னிக் போன்ற நிறுவனங்களின் புதிய கையடக்கக் கருவிகளில் அவை மறுபடி ஓடுகின்றன. ஓட வைப்பது 'எமுலேட்டர்' என்ற மென்பொருள். பழைய கருவியின் சிப் என்னென்ன செய்யுமோ, அத்தனையையும் புதிய கருவிக்குள் அப்படியே நடித்துக் காட்டுவதுதான் அதன் வேலை.

இதில் முதல் லாபம் கண்ணுக்கு. 1989-ல் வந்த கேம் பாயின் திரையில் குறுக்கே 160, நெடுக்கே 144 புள்ளிகள்தான். திரைக்குப் பின்னால் விளக்கும் கிடையாது. பொழுது சாய்ந்தால் டியூப்லைட்டுக்குக் கீழேதான் உட்கார வேண்டும். 2021-ல் வெளியான 'அனலாக் பாக்கெட்' என்ற கருவியின் திரையில் இருப்பதோ 1600-க்கு 1440. பழைய ஒரு புள்ளிக்குப் புதிதாக 100 புள்ளிகள் என்பதால், படம் துளியும் கோணாமல் பளிச்சென்று தெரிகிறது. (இது எமுலேட்டர் மென்பொருள் இல்லாமல், பழைய சிப்பின் வேலையை வேறொரு சிப்பிலேயே அமைத்துக்கொள்ளும் ரகம். பழைய கார்ட்ரிட்ஜையே செருகலாம்.) அன்று பத்து வயதில் ஆடியவர்களுக்கு இன்று வெள்ளெழுத்து எட்டிப்பார்க்கும் வயது. அவர்களுக்குப் பளிச்சென்ற திரை பெரிய உபகாரம்.

அடுத்தது, நினைத்த இடத்தில் நிறுத்துவது. பழைய விளையாட்டுகளில் பாதியில் அணைத்தால் பல நேரம் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். எமுலேட்டரில் எந்த நொடியில் வேண்டுமானாலும் சேமித்துவிட்டுப் பிறகு அங்கிருந்தே தொடரலாம். திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர், சென்ட்ரல் வந்ததும் பையில் போட்டுவிட்டுச் சாயங்காலம் அதே எதிரியோடு மோதலாம்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. 1996-ல் தொடங்கிய போகிமான் வரிசையின் கேம் பாய் கார்ட்ரிட்ஜுகளுக்குள் ஒரு சிறிய வட்டப் பேட்டரி உண்டு. ஆடியவர் சேமித்ததெல்லாம் அந்தப் பேட்டரியின் தயவில்தான் உயிரோடு இருக்கும். அது தீர்ந்தால் மாதக்கணக்கில் பிடித்து வளர்த்த போகிமான்கள் அத்தனையும் போச்சு. அடுத்து வந்த 'கோல்டு', 'சில்வர்' பதிப்புகளில் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடியதால் இன்னும் சீக்கிரம் தீர்ந்தது. சிறுவயதில் தொலைந்துபோன அண்ணனோ தங்கையோ வைத்த செல்லப்பெயர்கூட அதற்குள் இருக்கலாம். அந்தச் சேமிப்பைக் கோப்பாக எடுத்துப் புதிய கருவியில் வைத்துவிட்டால், பேட்டரி செத்தாலும் கவலையில்லை.

'கம்பெனியே மறுபடி விற்கும், அதை வாங்கிக்கொள்ளலாமே?' நியாயமான கேள்விதான். கேம் பாய் விளையாட்டுகள் சிலவற்றைத் தன் ஸ்விட்ச் சந்தாதாரர்களுக்கு 2023 பிப்ரவரி முதல் நிண்டெண்டோ தருகிறது. ஆனால் அதே ஆண்டு மார்ச் 27-ல் '3டிஎஸ்' கருவிக்கான ஆன்லைன் கடையில் விற்பனையை நிறுத்திவிட்டது. அங்கு மட்டுமே விற்ற விளையாட்டுகளைப் புதிதாக வாங்க வழியில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவிகிதம் இன்று விற்பனையில் இல்லை என்கிறது 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' 2023-ல் வெளியிட்ட ஆய்வு. கேம் பாய் குடும்பத்தில் விற்பனையில் இருப்பவை 6 சதவிகிதம்கூட இல்லை.

சரி, நம்மூர் பிரிக் கேமுக்கு வருவோம். அதில் கழற்ற கார்ட்ரிட்ஜே இல்லை. விளையாட்டு முழுவதும் சிப்புக்குள் அடக்கம். இந்த மாதிரிக் கருவிகளைக் காப்பாற்ற, சிப்பின் மேலோட்டை அமிலத்தில் கரைத்து, மைக்ராஸ்கோப்பில் படமெடுத்து, உள்ளிருக்கும் நிரலைப் படிக்கிறார்கள். நிண்டெண்டோவின் 1980-களின் 'கேம் அண்ட் வாட்ச்' கருவிகள் பல, 'மேம்' என்ற எமுலேட்டருக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். ஐம்பது, நூறு ரூபாய் பொம்மையாயிற்றே என்று பிரிக் கேமையும் விட்டுவைக்கவில்லை. அதற்கும் எமுலேட்டர் எழுதிவிட்டார்கள்.

போனிலேயே ஆட முடியாதா? முடியும். ஐபோனில்கூட 2024 ஏப்ரல் முதல் ஆப்பிள் அனுமதித்துவிட்டது. ஆனால் கண்ணாடியில் பட்டன் ஏது? கட்டையைத் திருப்பப் போய் விரல் வழுக்கும். நடுவில் வாட்ஸ்அப் வேறு.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. 'ஆயிரக்கணக்கான கேம்கள் இலவசம்' என்று மெமரி கார்டோடு விற்கிறார்களே, அவற்றில் பெரும்பாலானவை உரிமையில்லாத திருட்டுப் பிரதிகள். முறையாக வைத்திருப்பவர், அது பழுதானால் உதவும் என்று காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது. ஊரிலுள்ளதையெல்லாம் இறக்கிக்கொள்ள அல்ல.

பரணில் பழைய கார்ட்ரிட்ஜ் இருந்தால், பேட்டரி மாற்றுகிறேன் என்று உடனே திறந்துவிடாதீர்கள். பழைய பேட்டரியைக் கழற்றினாலே சேமித்தது அழிந்துவிடும். முதலில் கார்ட்ரிட்ஜ் ரீடரில் செருகிப் பிரதி எடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் அதற்கப்புறம்!