கசகசா பொட்டலத்தால் ஜெயில்! கல்லூரி செலவில் வெளிநாடு போகும் மாணவர்களே, உஷார்!

ராசிங்காபுரம் பெற்றோர் தெரிந்து கொள்ள வேண்டிய விவரங்கள்

போடிநாயக்கனூர்,

ஏலக்காய் ஏலம் போகும் ஊர் போடி. இங்கு விலை பேசிய காய் அரபு நாடு வரை போய் காபியில் மணக்கிறது. இப்போது காய் மட்டும் அல்ல, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் விமானம் ஏறும் காலம் வந்து விட்டது.

அதுவும் சொந்தக் காசில் அல்ல. அரசாங்க செலவில், பல்கலைக்கழக செலவில்!

தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் 2024-ம் ஆண்டு 25 என்ஜினீயரிங் மாணவ-மாணவிகள் இங்கிலாந்தில் உள்ள டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். 2022-ம் ஆண்டு நவம்பர் மாதம் அரசுப் பள்ளி பிள்ளைகள் ஷார்ஜா போய் வந்தார்கள்.

போடியிலேயே அரசு என்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. நாளை அப்படி ஒரு பட்டியலில் ராசிங்காபுரத்துப் பையனின் பெயரும் வரலாம். சிலமலை பெண்ணின் பெயரும் வரலாம்.

அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி ஏலத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். மதுரைக்கு அந்தப் பக்கம் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர்.

"காலேஜ்தானே கூட்டிட்டுப் போகுது, அவங்க பார்த்துக்குவாங்க" என்று சும்மா இருந்து விடலாமா?

கூடாது! ஏன் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டாம். நம்ம குரங்கணியே போதும்.

குரங்கணி தந்த பாடம்

2018-ம் ஆண்டு மார்ச் மாதம் 11-ந்தேதி குரங்கணி மலையில் காட்டுத் தீ. சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கம் இருந்து கூட்டமாக மலையேற வந்தவர்கள் தீயில் சிக்கினார்கள். பலியானவர்கள் 23 பேர். அவர்கள் போன பாதைக்கு வனத்துறை அனுமதி இல்லை என்பது பிறகு தெரிய வந்தது.

அன்று ராத்திரி போடி ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். மலை மேல் இருப்பது யார், எத்தனை பேர், எந்த ஊர், வீட்டு போன் நம்பர் என்ன? இதற்கு பதில் தேடவே நேரம் ஓடியது. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டு வந்தது.

பக்கத்து மலைக்குப் போனதற்கே இந்த கதி. கடல் கடந்து போகிறவர்களின் பட்டியல் எவ்வளவு ஒழுங்காக இருக்க வேண்டும்!

எனவே கல்லூரியில் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் வருமாறு:-

* கூட வரும் ஆசிரியர் யார்? அவருடைய போன் நம்பர் என்ன?

* எந்த விமானம்? எங்கே மாறி ஏற வேண்டும்? தங்கும் இடத்தின் முழு விலாசம் என்ன?

* பெயர் பட்டியல் யாரிடம் இருக்கிறது? ராத்திரி 2 மணிக்கு போன் செய்தால் எடுப்பது யார்?

* ஆஸ்பத்திரி செலவு யார் தலையில்?

இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. நல்ல கல்லூரி என்றால் கேட்பதற்கு முன்பே எழுதிக் கொடுத்து விடும்.

கடிதம் அசலா, டூப்பா?

"வெளிநாட்டு பல்கலைக்கழக மாநாடு, பயிற்சி முகாம்" என்று கடிதம் காட்டி பணம் கறக்கும் கும்பலும் உண்டு.

கனடாவில் நடந்தது என்ன? பஞ்சாப் பக்கத்து மாணவர்கள் பலர் ஜலந்தர் ஏஜெண்டு ஒருவர் கொடுத்த கல்லூரி அனுமதிக் கடிதத்தை நம்பிப் போனார்கள். விசா கிடைத்தது. விமானம் ஏறினார்கள். சில வருடம் கழித்து நிரந்தரக் குடியுரிமை கேட்டு மனு போட்ட போதுதான் குட்டு உடைந்தது. அந்தக் கடிதங்கள் அத்தனையும் போலி! 2023-ம் ஆண்டு "நாடு கடத்துவோம்" என்ற நிலைமை வந்து மாணவர்கள் ரோட்டில் உட்கார்ந்து போராடினார்கள். அந்த ஏஜெண்டு கனடாவில் பிடிபட்டு, 2024-ம் ஆண்டு 3 வருட ஜெயில் தண்டனை பெற்றார்.

எனவே அழைப்புக் கடிதம் வந்ததும், அதில் உள்ள போன் நம்பருக்கு பேசிப் பார்ப்பது பிரயோஜனம் இல்லை. திருடனும் தன் நம்பரைத்தான் போடுவான். அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த நம்பரை தனியாகத் தேடிப் பிடித்து, "இந்தக் கடிதம் உங்களுடையதா?" என்று கேட்க வேண்டும். பணம் கட்டினால் கல்லூரி கணக்கில் கட்டி ரசீது வாங்க வேண்டும். தனி ஆள் கையில் கொடுக்கக் கூடாது.

செலவை ஏற்பதாக கல்லூரி கொடுக்கும் கடிதத்தின் அசலை பையனின் கைப்பையில் வைக்க வேண்டும். போய் இறங்கியதும் குடியுரிமை அதிகாரி கேட்கும் கேள்விகள், "எதற்கு வந்தாய்? எங்கே தங்குவாய்? யார் செலவு?" என்பதுதான். பதில் அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

பாஸ்போர்ட்

தேனி மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம்தான். சாதாரணமாக 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு கட்டணம் ரூ.1,500. போலீஸ் விசாரணை உண்டு. பிறந்த தேதி, அப்பா பெயர், இனிஷியல் எல்லாம் மார்க் ஷீட்டிலும் ஆதாரிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து விடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அலைச்சல்தான்.

பாஸ்போர்ட் கையில் இருந்தால் மட்டும் போதாது. பயணத்துக்குப் பிறகும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. முகம் உள்ள பக்கத்தையும் விசா பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

பாஸ்போர்ட் தொலைந்தால் பதற வேண்டாம். அந்த ஊர் போலீசில் புகார் கொடுத்து அதன் நகலுடன் இந்திய தூதரகம் போனால், ஊர் திரும்ப அவசர சர்டிபிகேட் கொடுப்பார்கள். அப்போது கை கொடுப்பது அந்த ஜெராக்ஸ்தான்.

கசகசாவும் கம்பியும்

பையன் வெளியூர் போகிறான் என்றால் நம்ம வீட்டு அம்மாக்கள் சும்மா இருப்பார்களா? பருப்புப் பொடி, குருமா மசாலா, ஊறுகாய்!

அங்கேதான் ஆபத்து. மசாலாவில் சேரும் கசகசா, அபின் செடியின் விதை. ஐக்கிய அரபு நாட்டில் அது தடை செய்யப்பட்ட பொருள். சிங்கப்பூரிலும் கெடுபிடி உண்டு. ரொட்டியில் இருந்து உடையில் ஒட்டிய மூன்றே மூன்று கசகசாவுக்காக சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர் துபாயில் 4 வருட தண்டனை பெற்றார் என்று 2008-ம் ஆண்டு பத்திரிகைகளில் செய்தி வந்தது. நாம் பொட்டலமே கட்டிக் கொடுத்தால்?

"நம்ம ஊர் ஏலக்காயை புரொபசருக்கு கொடுப்பேன்" என்றால் நல்ல விஷயம்தான். ஆனால் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் விதை, உணவுப் பொருள் எதுவானாலும் இறங்கும் போது கொடுக்கும் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும். காட்டினால் பார்த்து விட்டு விடுவார்கள், அல்லது எடுத்துக் கொள்வார்கள். மறைத்தால் பெரிய அபராதம்.

அடுத்தவர் பார்சல்

இதை விடப் பெரிய ஆபத்து, "அங்கே நம்ம சொந்தக்காரங்க இருக்காங்க, இதை மட்டும் கொடுத்திடுப்பா" என்று நீட்டும் பை.

2019-ம் ஆண்டு ஜூலை மாதம். மும்பையைச் சேர்ந்த இளம் தம்பதி கத்தார் நாட்டில் இறங்கினார்கள். உல்லாசப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்த உறவுக்காரப் பெண், பை ஒன்றையும் கொடுத்து விட்டிருந்தார். தோகா விமான நிலையத்தில் அதைப் பிரித்தால், 4 கிலோ கஞ்சா பிசின்! இருவருக்கும் 10 வருட ஜெயில். கர்ப்பமாக இருந்த மனைவிக்கு ஜெயிலிலேயே குழந்தை பிறந்தது. விவரம் தெரியாமல் ஏமாந்தவர்கள் என்று நிரூபித்து, குழந்தையுடன் 2021-ம் ஆண்டு ஊர் திரும்பினார்கள்.

கொடுத்தது சொந்த அத்தையாக இருந்தாலும், பையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். சந்தேகம் என்றால் "காலேஜில் அனுமதி இல்லை" என்று சொல்லி விடுங்கள். உறவு நாலு நாள் முகம் திருப்பும். அவ்வளவுதானே!

மாத்திரை, ஊசி

சாதாரண இருமல் மருந்தும் வலி மாத்திரையும் கூட சில நாடுகளில் போதைப் பட்டியலில் வரும். ஜப்பானில் சில சளி மாத்திரைகளுக்கே தடை. தினம் சாப்பிடும் மருந்து இருந்தால் அட்டையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் உண்மைப் பெயருடன் இருக்கட்டும். இன்சுலினை கைப்பையில் வையுங்கள். செல்போன் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்கும் கைப்பையில்தான். பெரிய பெட்டியில் போட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் பல நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். போட்டு 10 நாள் கழித்துத்தான் சர்டிபிகேட் செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற சில இடங்களில்தான் போடுவார்கள். கடைசி வாரத்தில் ஓடினால் நடக்காது.

இன்சூரன்சு

"எதுக்கு வீண் செலவு?" என்று கேட்காதீர்கள். ஜெர்மனி, பிரான்சு போன்ற ஐரோப்பிய நாடுகளுக்கு குறுகிய கால விசா வாங்க 30 ஆயிரம் யூரோ அளவுக்கு மருத்துவ இன்சூரன்சு இருந்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்தாலே நம்ம வீட்டுப் பத்திரம் அடமானத்துக்குப் போய்விடும். கல்லூரி எடுத்த பாலிசியில் உங்கள் பிள்ளை பெயர் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

போர் மூண்டால்?

2022-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந்தேதி உக்ரைனில் போர் வெடித்தது. அன்றே வான்வழி அடைக்கப்பட்டது. நம் மாணவர்கள் பதுங்கு அறைகளில் கிடந்தார்கள். பனியில் நடந்து எல்லைக்குப் போனார்கள். கார்கிவ் நகரில் கர்நாடக மாணவர் ஒருவர் பலியானார்.

ஆனால் ஒன்று. அங்குள்ள இந்தியர்கள் பெயரைப் பதிவு செய்யும்படி கீவ் நகர தூதரகம் ஜனவரி மாதமே கேட்டிருந்தது. அவசியம் இல்லாதவர்கள் ஊர் திரும்பலாம் என்று பிப்ரவரி 15-ந்தேதி அறிவித்தது. ஆன்லைன் பாடம் கிடைக்குமா, வருகைப் பதிவு போய் விடுமா என்று பலர் தயங்கினார்கள். பிறகு 'ஆபரேஷன் கங்கா' விமானங்களில் சுமார் 22 ஆயிரத்து 500 பேர் மீட்கப்பட்டார்கள். அவர்களில் தமிழக மாணவர்கள் 1,890 பேர்.

போய் இறங்கியதும் இந்திய தூதரகத்தில் பெயர் பதிவு செய்ய வேண்டும். "கிளம்பு" என்று தூதரகம் சொன்னால் கிளம்ப வேண்டும். பாடம் பிறகு படிக்கலாம்.

சுவரில் ஒட்ட ஒரு தாள்

பிள்ளை கிளம்பும் முன் வீட்டில் ஒரு தாள் எழுதி காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். செல்போன் சார்ஜ் தீரும், தாள் தீராது. எழுத வேண்டியது:-

1. பாஸ்போர்ட் நம்பர், விமான நம்பர், தங்கும் விலாசம்.

2. கூடப் போகும் ஆசிரியர் போன், கல்லூரி அலுவலக போன்.

3. அந்த நாட்டு இந்திய தூதரக போன்.

4. இன்சூரன்சு பாலிசி நம்பர்.

5. அந்த ஊர் அவசர நம்பர். ஐரோப்பாவில் 112. இங்கிலாந்தில் 999. அமெரிக்காவில் 911. ஆஸ்திரேலியாவில் மூன்று பூஜ்யம். ஜப்பானில் போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கு 119. சிங்கப்பூரில் போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 995.

6. தினமும் எத்தனை மணிக்கு போன் வரும்? வராவிட்டால் முதலில் யாரிடம் கேட்பது?

ஆறாவது வரிதான் முக்கியம். தோட்டத்து மலையில் சிக்னல் கிடைக்காது. எனவே போன் நேரத்தை அப்பா-அம்மா வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்துக்கு வைத்துக் கொள்ளுங்கள். இங்கிலாந்தில் அப்போது மத்தியானம்தான். பையன் சாப்பிட்டானா என்றும் கேட்டு விடலாம்.