நற்பெயருக்கு விலை என்ன?

முதியோர் வீட்டு மின்கட்டணமும் ஒரு தருமஸ்தாபனத்தின் சிபார்சும்

மார்கழி, தை மாதங்களில் இலண்டன் மாநகரிலே காலை எட்டு மணிக்குத்தான் பொழுது விடியும். பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும். அந்நகரிலே ஒரு சிறு வீட்டில் தனித்து வாழும் யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவரை மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். கோப்பாயிலோ கரவெட்டியிலோ பிறந்து, வெயிலில் வளர்ந்த உடம்பு அவருடையது. வீட்டைச் சூடாக்கும் கருவியை இயக்கினால் குளிர் விலகும். அதற்குரிய கட்டணத்தை நினைத்தால் உடல் மீண்டும் நடுங்கும். ஆகவே ஓர் அறையை மாத்திரம் சூடாக்கி, கம்பளிச் சட்டை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, அவர் குளிர்காலத்தைக் கழிக்கிறார்.

அவர் வீட்டுக் கதவின் துவாரத்தினூடாக ஒரு நாள் கடிதமொன்று வந்து விழுகிறது. முதியோர் நலனுக்கென்றே உழைக்கும் ஒரு பெரிய தருமஸ்தாபனத்தின் பெயர் அதிலே காணப்படுகிறது. முதியோருக்கெனச் சிறப்பாக அமைந்த மின்சார, எரிவாயுக் கட்டணத் திட்டமொன்றில் சேருமாறு கடிதம் அழைக்கிறது. வெறும் வியாபாரக் கம்பனி எழுதியிருந்தால் அவர் இரண்டு முறை யோசித்திருப்பார். தருமஸ்தாபனத்தின் பெயரைக் கண்டதும் யோசனைக்கு அங்கே இடமில்லாமற் போகிறது. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, காட்டிய இடத்திலே கையொப்பமிடுகிறார்.

இந்த முதியவர் நமது கற்பனை. ஆனால், அவர் நம்பிய ஏற்பாடு கற்பனையன்று.

நடந்தது என்ன?

பிரித்தானியாவில் 'ஏஜ் யூகே' என்பது முதியோருக்கான பெரிய தருமஸ்தாபனம். முன்னர் தனித்தனியே இயங்கிய இரண்டு ஸ்தாபனங்கள் 2009ஆம் ஆண்டில் ஒன்றிணைந்ததால் உருவானது. தனிமையில் வாடுவோருக்குத் துணை, உதவிப் பணம் பெறும் வழி, வைத்திய உதவி பற்றிய ஆலோசனை எனப் பல நற்பணிகளைச் செய்து வருவது. அந்த ஸ்தாபனம், ஜேர்மனியைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஈ.ஓன்' என்னும் மின்சார, எரிவாயுக் கம்பனியோடு ஓர் ஒப்பந்தம் செய்திருந்தது. ஸ்தாபனத்தின் பெயரைத் தாங்கிய கட்டணத் திட்டத்தைக் கம்பனி முதியோருக்கு விற்கும். அதற்குப் பிரதியாக ஸ்தாபனத்திற்குப் பணம் கிடைக்கும்.

2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத் தொடக்கத்தில் 'தி சன்' என்னும் ஆங்கிலப் பத்திரிகை இதனை முதற்பக்கச் செய்தியாக வெளியிட்டது. ஸ்தாபனத்திற்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 60 இலட்சம் பவுண் கிடைக்கிறது என்றும், அந்தத் திட்டத்திற் சேர்ந்த முதியவர் அதே கம்பனியின் மிக மலிவான திட்டத்தில் உள்ளவரைவிட ஆண்டுக்கு 245 பவுண் வரையில் அதிகம் செலுத்த நேரிடும் என்றும் அப்பத்திரிகை கணக்குக் காட்டியது. மாதக் கணக்கிற் பார்த்தால் அது 20 பவுணுக்குச் சற்று மேல். பென்ஷன் பணத்தில் வாழ்பவருக்கு அது சிறு தொகையன்று.

மறுநாளே நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அந்தத் திட்டத்தில் புதியவர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. எரிசக்திச் சந்தையை மேற்பார்வை செய்யும் 'ஒஃப்ஜெம்' என்னும் அரச அமைப்பும், தருமஸ்தாபனங்களைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவும் விஷயத்தை ஆராயத் தொடங்கின.

நம் நாட்டு வாசகர்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழலாம். ஒரே கம்பி வழியாக வரும் ஒரே மின்சாரத்திற்கு ஒருவர் கூடவும் மற்றவர் குறையவும் செலுத்துவது எப்படி? பிரித்தானியாவில் 1999ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு வீட்டாரும் தமக்கு மின்சாரமும் எரிவாயுவும் விற்கும் கம்பனியைத் தாமே தெரிந்தெடுக்கலாம். ஒரே கம்பனியும் பல திட்டங்களைப் பல விலைகளில் விற்கும். அடிக்கடி விலைகளை ஒப்பிட்டு மாறுகிறவருக்கு இலாபம்; பேசாமல் இருப்பவருக்கு நட்டம். 2016ஆம் ஆண்டில் அந்நாட்டின் போட்டி மற்றும் சந்தைகள் அதிகார சபை வெளியிட்ட அறிக்கையின்படி, ஆறு பெருங் கம்பனிகளின் வாடிக்கையாளருள் நூற்றுக்கு எழுபது பேர் தாமாக எதனையும் தெரிந்தெடுக்காத, விலை கூடிய பொதுத் திட்டத்திலேயே இருந்தனர். மலிவான திட்டங்கள் பெரும்பாலும் இணையத்தின் வழியே விற்கப்பட்டன. கணினியை அறியாத முதியவருக்கு அந்தக் கதவு அடைபட்டே இருந்தது.

இத்தகைய சந்தையில் முதியவருக்கு ஒரு வழிகாட்டி தேவை. அந்த வழிகாட்டியாகத் தாம் நம்பியவரே விற்பவரிடம் பணம் பெறுகிறார் என்பதைப் பலர் உணர்ந்திருக்கவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

மறுபக்கம்

நீதி என்றால் இரு பக்கமும் கேட்பதே முறை. பத்திரிகையின் குற்றச்சாட்டை ஏஜ் யூகே வன்மையாக மறுத்தது. தனது வியாபாரப் பிரிவு ஈட்டும் பணம் நற்பணிகளுக்கே செல்கிறது என்று அது விளக்கியது. குறித்த காலம் வரையில் விலை மாறாது என்னும் உறுதியைச் சில முதியவர்கள் மலிவிலும் மேலாக மதிப்பார்கள் என்பதையும் நாம் மறுக்க இயலாது. 2016 ஏப்ரலில், முறைப்படியான விசாரணை தொடங்குவதில்லை என்று ஒஃப்ஜெம் முடிவு செய்தது. ஆகவே சட்டம் மீறப்பட்டது என்று எவரும் தீர்ப்பளிக்கவில்லை.

ஆயினும், தருமஸ்தாபனங்களைக் கண்காணிக்கும் ஆணைக்குழு எல்லா ஸ்தாபனங்களுக்கும் பொருந்தும் பாடமொன்றைச் சுட்டிக்காட்டியது. வியாபாரக் கூட்டினால் தமக்கு வரும் ஆதாயத்தை மக்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அக்கூட்டினால் நற்பெயருக்கு நேரக்கூடிய தீங்கையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

இதற்கு முன்னரும் உலகம் இத்தகைய பாடமொன்றைக் கண்டிருக்கிறது. 1997ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் சங்கம், 'சன்பீம்' என்னும் வீட்டுப் பாவனைப் பொருட் கம்பனியின் சுகாதாரக் கருவிகளில் தனது பெயரைப் பொறிக்க இசைந்தது. விற்பனையில் சங்கத்திற்குப் பங்கு உண்டு. பொருள்களைச் சங்கம் சோதித்துப் பார்ப்பதோ ஒப்பந்தத்தில் இல்லை. வைத்தியர்களே வெகுண்டெழுந்தார்கள். சங்கம் ஒப்பந்தத்திலிருந்து பின்வாங்கியது. கம்பனி வழக்குத் தொடுத்தது. 1998இல் 99 இலட்சம் டொலர் கொடுத்துச் சங்கம் வழக்கைத் தீர்க்க நேர்ந்தது. பெயரை விற்கப் போனவர்கள், அதை மீட்பதற்குப் பெரும் பணம் செலவிட்டார்கள்.

நற்பெயர் யாருடைய சொத்து?

ஒரு தருமஸ்தாபனம் பணம் தேடுவது பாவமன்று. விளக்கெரிய எண்ணெய் வேண்டும். அன்னதானத்திற்கு அரிசி வேண்டும். அது தன் கட்டடத்தை வாடகைக்கு விடலாம். நாட்காட்டி அச்சிட்டு விற்கலாம். ஆனால் நற்பெயர் அத்தகைய சொத்தன்று. அது பல்லாண்டு காலம் தொண்டர்கள் சிந்திய வியர்வையாலும், சிறுகச் சிறுகக் கொடுத்தவர்களின் நம்பிக்கையாலும் திரண்டது. ஸ்தாபனத்தார் அதற்குத் தர்மகர்த்தாக்களேயன்றி உரிமையாளர்கள் அல்லர்.

அந்தப் பெயர் ஒரு முறை ஐயத்திற்கு ஆளானால், நட்டம் மின்கட்டணத்தோடு நின்றுவிடாது. நாளை அதே ஸ்தாபனம், முதியவருக்கு உரிமையான அரச உதவிப் பணத்தைப் பற்றிக் கடிதம் எழுதினாலும், "இதிலும் யாருக்கு என்ன கிடைக்கிறதோ?" என்று அவர் அதை ஒதுக்கி வைத்துவிடலாம். உண்மையான உதவியும் அப்போது கைநழுவிப் போகும்.

நம் படலையடியில்

"தென்னையிலே தேள் கொட்டினால் பனையிலே நெறி கட்டுமா?" என்று யாராவது கேட்கலாம். இலண்டன் மின்கட்டணத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தார் ஏன் கவலைப்பட வேண்டும்? வீட்டார் தமக்கு மின்சாரம் விற்கும் கம்பனியைத் தெரிந்தெடுக்கும் வழக்கம் இங்கே இருந்ததில்லையே!

உண்மைதான். எனினும் மின்சாரத்தை மையமாகக் கொண்ட வியாபாரம் நம் படலைக்கும் வந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் மின்சாரமே இன்றி, ஜாம் போத்தல் விளக்கொளியில் பிள்ளைகளைப் படிப்பித்த தலைமுறை, இன்று முதுமை எய்தியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளுட் பலர் கடல் கடந்து சென்றுவிட்டனர். பெரிய கல்வீட்டிலே தாயும் தகப்பனும் தனித்திருக்கின்றனர். 2022 ஆகஸ்டில் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் சராசரியாக 66 வீதமும் மின்கட்டணம் உயர்ந்தபோது அவர்கள் திகைத்தனர். கூரையிலே சூரியத் தகடு பொருத்துங்கள் என்ற அழைப்பு அத்தகையோர் காதிலே தேனாக விழுவது இயல்பு.

சூரிய சக்தி நல்லதே. அதைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. 2016 செப்டெம்பரில் அரசு ஆரம்பித்த கூரைச் சூரியசக்தித் திட்டத்தில், வீட்டில் விளையும் மின்சாரத்திற்கு முதல் ஏழு ஆண்டுகள் அலகொன்றுக்கு 22 ரூபாவும், அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் 15 ரூபா 50 சதமும் வழங்க ஏற்பாடு இருந்தது. பின்னர் சேர்ந்தோருக்கான விலைகள் மாற்றப்பட்டன. இங்கே கவனிக்க வேண்டியது காலத்தின் நீளம். எழுபத்தைந்து வயதில் ஒருவர் இருபதாண்டு உடன்படிக்கையிற் கையொப்பமிடும்போது, அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்தே அதில் கட்டுப்படுகிறார்கள். அத்தகைய பெரும் முடிவை, கோயிற் சபையின் ஒரு வார்த்தையையோ, முதியோர் சங்கத்தின் கூட்டத்தில் வழங்கிய ஒரு துண்டுப் பிரசுரத்தையோ மாத்திரம் நம்பி எடுக்கலாமா?

நம் ஊர்களில் வாசிகசாலையும், சனசமூக நிலையமும், முதியோர் சங்கமும் பெற்றிருக்கும் மதிப்பு பெரிது. நாளை எந்தக் கம்பனியாவது அவற்றின் வாசலில் வந்து, "உங்கள் பெயரைத் தாருங்கள், மண்டபத்திற்குக் கூரை போட்டுத் தருகிறோம்" என்று கேட்டால், நிர்வாக சபையார் மேலே சொன்ன வரலாற்றை நினைத்துப் பார்ப்பது நலம். உதவியைப் பெறுவதாயின், அதைச் சபையிலே பகிரங்கமாகச் சொல்லிப் பெற வேண்டும்; மறைத்துப் பெறும் உதவிக்குப் பின்னர் மறுமொழி சொல்ல நேரிடும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

யார் சிபார்சு செய்தாலும், கையொப்பமிடுமுன் நான்கு கேள்விகளைக் கேட்பது எவருக்கும் அவமதிப்பன்று.

முதலாவது: இந்தச் சிபார்சுக்காக உங்களுக்கு ஏதாவது கிடைக்கிறதா? கிடைப்பதாயின் எவ்வளவு? நேர்மையானவர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

இரண்டாவது: இதே கம்பனியிடம் இதனிலும் மலிவான திட்டம் உண்டா? வேறு கம்பனிகள் என்ன விலை சொல்கின்றன?

மூன்றாவது: எத்தனை ஆண்டுக்கு இந்தக் கட்டுப்பாடு? இடையில் விலகினால், அல்லது வீடு கைமாறினால், என்ன நடக்கும்?

நான்காவது, நம்மை நாமே கேட்க வேண்டியது: இன்றே கையொப்பமிட வேண்டிய அவசரம் என்ன? ஓர் இரவு கழிந்தால் கெட்டுப்போகும் ஒப்பந்தம், இருபது ஆண்டுக்கு நிலைக்குமென்று எப்படி நம்புவது?

மாணவர்களுக்கும் இதிலே ஒரு கடமை உண்டு. பாடசாலையிற் கற்ற வீதக் கணக்கை அப்புவின் மின்பட்டியலில் போட்டுப் பாருங்கள். ஆச்சிக்கு வந்த கடிதத்தின் சிறிய எழுத்துகளை உரத்து வாசித்துக் காட்டுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும், "அம்மா, சாப்பிட்டீர்களா?" என்று கேட்கும் தொலைபேசி அழைப்பிலேயே, "ஏதாவது கடிதம் வந்ததா? யாராவது கையொப்பம் கேட்டார்களா?" என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்கலாம்.

முதியவர் ஒருவர் பிறரை நம்புவது குறையன்று. நீண்ட வாழ்வு அவருக்குத் தந்த பண்பு அது. அவர் நம்பிக்கைக்கு உரியவர்களாக நடந்துகொள்வது தருமஸ்தாபனங்களின் கடமை. அவர் கையொப்பமிடும்போது அருகே அமர்ந்திருப்பது நம் கடமை.