இரவு ஷிப்டும் உணவு நேரமும்

இரவு ஷிப்டில் வேலை செய்பவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைப் போலவே, எப்போது சாப்பிடுகிறார்கள் என்பதும் அவர்களுடைய இரத்தச் சர்க்கரையைப் பாதிக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியுள்ளன. மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பகுதியில் சுழற்சி முறையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

தொழிற்பகுதியும் ஷிப்டும்

ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரிக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் இடையே உள்ள மறைமலை நகர், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் துணைநகரமாக உருவாக்கிய ஊர். தமிழறிஞர் மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கியது. இங்கிருந்த ஃபோர்டு கார் ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. ஆனால் சுற்றிலும் உள்ள உதிரிபாகத் தொழிற்சாலைகளும், ஒரகடத்தில் ரெனோ நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு போன்ற ஆலைகளும் வந்தபின் இப்பகுதி இரவிலும் உறங்குவதில்லை.

மூன்று ஷிப்ட் முறையில் கடைசி ஷிப்ட் பெரும்பாலும் இரவு 10 மணியை ஒட்டித் தொடங்கிக் காலை 6 மணியை ஒட்டி முடியும். வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ ஷிப்ட் மாறும். உடல் ஒரு நேரத்துக்குப் பழகத் தொடங்கும்போதே அடுத்த ஷிப்ட் வந்துவிடுகிறது.

உடல் கடிகாரம்

மனித உடலில் ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றில் இயங்கும் ஒரு கடிகாரம் உண்டு. அதன் மூலக்கூறு இயக்கத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. தலைமைக் கடிகாரம் மூளையில் இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு அது நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. கல்லீரல், கணையம் போன்ற உறுப்புகளுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. இவை வெளிச்சத்தைவிட உணவு நேரத்தையே அதிகம் பின்பற்றுகின்றன.

சிக்கல் இங்குதான். நள்ளிரவில் மூளை 'இது இரவு' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, வயிற்றில் விழும் சாம்பார் சாதம் கல்லீரலிடம் 'இது பகல்' என்கிறது. இரவில் சுரக்கும் மெலட்டோனின், கணையம் இன்சுலின் சுரப்பதைக் குறைக்கும் தன்மை கொண்டது. அதனால் பகல் 1 மணிக்குச் சாப்பிட்ட அதே அளவு சோற்றை இரவு 1 மணிக்குச் சாப்பிட்டால் இரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறும், இறங்கவும் நேரமாகும்.

ஆய்வுகள் சொல்வது

2,26,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், ஷிப்ட் வேலை செய்பவர்களுக்கு நீரிழிவு வாய்ப்பு 9 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆண்களை மட்டும் பார்த்தால் 37 சதவீதம். மாறிமாறி வரும் சுழற்சி ஷிப்டில் அது 42 சதவீதம். நிலையான இரவுப்பணியைவிட ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பது உடலுக்குக் கடினம் என்று தொழிலாளர்கள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது.

இதில் உணவின் பங்கு எவ்வளவு என்பதை அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அந்த ஆய்வு 2021 டிசம்பரில் வெளியானது. நலமாக இருந்த 19 பேர் ஆய்வகத்தில் தங்கி, இரவுப்பணி போன்ற சூழலில் வைக்கப்பட்டார்கள். ஒரு குழு இரவிலும் சாப்பிட்டது. மற்றொன்று பகலில் மட்டும் சாப்பிட்டது. இரவில் சாப்பிட்டவர்களின் சராசரிச் சர்க்கரை அளவு 6.4 சதவீதம் உயர்ந்தது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. இரு குழுவினரும் ஒரே மாதிரிதான் இரவில் கண்விழித்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் 19 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆய்வகம் வேறு, அசெம்பிளி லைன் வேறு.

தமிழ்நாட்டில் இது சிறிய விஷயமல்ல. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது.

நடைமுறையில்

இரவில் சாப்பிடாதீர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் சிங்கப்பெருமாள் கோவிலிலும் படப்பையிலும் நான்கைந்து பேராக அறை எடுத்துத் தங்கும் இளைஞர்களுக்குக் கேன்டீன் சாப்பாடுதான் நாளின் முழுமையான உணவு. அறையில் சமைக்க இடமும் இருக்காது, நேரமும் இருக்காது. எனவே கேன்டீன் எந்த நேரத்தில் என்ன பரிமாறுகிறது என்பதும் ஒரு மருத்துவக் கேள்விதான். முழுச் சாப்பாட்டை ஷிப்ட் தொடங்கும் முன்பே தந்து, நள்ளிரவில் சிற்றுண்டி மட்டும் வைப்பது பெரிய செலவில்லாத மாற்றம்.

தொழிலாளி தானே செய்யக்கூடியவையும் உண்டு. கம்பெனி பஸ் ஏறும் முன், இரவு 8 மணிக்குள் வயிறார உண்பது முதலாவது. நள்ளிரவில் பசித்தால் சுண்டல், அவித்த முட்டை, மோர், வேர்க்கடலை போன்றவை போதும். சோறு, பரோட்டா, சர்க்கரை போட்ட டீயோடு பிஸ்கட் ஆகியவற்றைக் குறைக்கலாம். காபியின் காஃபீனில் பாதி வெளியேறவே ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்பதால், 2 மணிக்கு மேல் குடிக்கும் காபியும் டீயும் காலைத் தூக்கத்தைக் கெடுக்கும். இடைவேளையில் உட்கார்ந்துவிடாமல் சில நிமிடம் நடந்தாலும் சர்க்கரை ஏற்றம் குறையும். வீடு திரும்பியதும் இரண்டு இட்லி போன்ற இலேசான உணவோடு உறங்கி, எழுந்தபின் மதியச் சாப்பாட்டை உண்ணலாம். மே மாத வெயிலில் தகரக் கூரையின் கீழ் பகல் தூக்கம் கிடைப்பது வேறு பிரச்சினை. குறைந்தது சன்னலுக்குக் கனமான திரை போட்டு இருட்டாக்கிக்கொள்ளலாம்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரவு உணவைத் தவிர்க்கக்கூடாது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால் இயந்திரத்தின் அருகே நிற்பவருக்கு ஆபத்து.

பரிசோதனை

இரவு ஷிப்ட் முடித்து வரும் வழியில் இரத்தம் கொடுப்பவர்கள் பலர். நள்ளிரவில் சாப்பிட்டிருந்தால் அது வெறும் வயிற்றுப் பரிசோதனை ஆகாது. அதற்கு 8 மணி நேரம் எதுவும் உண்ணாமல் இருக்க வேண்டும். சரியாக எடுத்தால் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் நீரிழிவைக் குறிக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை என்பதால் ஷிப்ட் தொழிலாளர்களுக்கு அது வசதியானது. அதில் 5.7 முதல் 6.4 சதவீதம் வரை முன்நிலை, 6.5-உம் அதற்கு மேலும் நீரிழிவு. அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்னொரு முறை எடுத்து உறுதிசெய்வது வழக்கம்.