நரகவாயில் பூங்காவில் மிதிவண்டிப் பயணம்

ஆப்பிரிக்கா என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? பரந்த புல்வெளி, கூட்டங்கூட்டமாய் மேயும் வரிக்குதிரைகள், மரத்தின் உச்சித் தழையைக் கொய்யும் ஒட்டகச்சிவிங்கி, புதர் மறைவில் பதுங்கும் சிங்கம் ஆகியவையே அல்லவா? அவற்றைக் காணச் செல்வோர் வண்டிக்குள் அமர்ந்தபடியே நோக்குவர். வண்டியை விட்டு இறங்குதல் கூடாது என்பது அங்குள்ள பெரும்பாலான விலங்குப் பூங்காக்களின் விதி. ஆயினும், மிதிவண்டியில் ஏறியும் காலால் நடந்தும் விலங்குகளின் நடுவே செல்ல இசைவு தரும் பூங்கா ஒன்று கென்யா நாட்டில் உண்டு. அதன் பெயரோ 'நரகவாயில்'! பெயரைக் கேட்டு மருள வேண்டா. அங்கே எவற்றைக் காணலாம், எதற்கு அஞ்ச வேண்டும் என்பவற்றை நாம் இக்கட்டுரையில் காண்போம்.

பூங்காவின் இருப்பிடம்

கென்யாவின் தலைநகரமாகிய நைரோபிக்கு வடமேற்கே நைவாஷா என்னும் நன்னீர் ஏரி உள்ளது. அவ்வேரியின் தெற்கே, நைரோபியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில் இப்பூங்கா அமைந்துள்ளது. இது 1984ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இதன் பரப்பு ஏறத்தாழ 68 சதுரக் கிலோமீட்டர். நம் நாட்டின் தாமான் நெகாரா 4,343 சதுரக் கிலோமீட்டர் பரந்தது; அதனோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. பினாங்குத் தீவின் நான்கில் ஒரு பங்குகூட இராது. எனவேதான் ஒரே நாளில் மிதிவண்டியில் சுற்றிவர முடிகிறது.

ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் நிலம் மெல்ல மெல்லப் பிளந்து விலகி வருகிறது. அப்பிளவினால் உண்டான நீண்ட தாழ்நிலத்தைப் 'பெரும்பிளவுப் பள்ளத்தாக்கு' என்பர். அப்பள்ளத்தாக்கினுள்ளேதான் நைவாஷா ஏரியும் இப்பூங்காவும் உள்ளன. நிலம் பிளந்த இடத்தில் எரிமலைகள் தோன்றுவது இயல்பு. 2,776 மீட்டர் உயரமுள்ள லொங்கொனொட் எரிமலை பூங்காவிற்கு அண்மையில் எழுந்து நிற்கிறது.

1883ஆம் ஆண்டில் பிஷர் என்னும் செருமானியரும் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்தியரும் தனித்தனியே இவ்வட்டாரத்தில் பயணம் செய்தனர். செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு இடையே உள்ள ஒடுங்கிய வழியையும், நிலத்தினின்று வெளிப்படும் வெந்நீராவியையும் காண்போர்க்கு இப்பெயர் பொருத்தமானதே என்று தோன்றும்.

மிதிவண்டிக்கு இசைவு ஏன்?

இப்பூங்காவில் சிங்கமும் யானையும் நிலையாக வாழ்வதில்லை. சிறுத்தை உண்டு, ஆனால் அது கண்ணிற்படுவது மிக அரிது. ஆகவே மனிதர் நடந்து செல்வதால் நேரும் இடர் குறைவு. எனினும் காட்டெருமைகள் இங்கே உள்ளன. அவை புல் தின்னும் விலங்குகளே. ஆயினும் சினங்கொண்டால் சிங்கத்தையும் முட்டித் துரத்த வல்லவை. 'புல் தின்னும் விலங்குதானே' என்று எண்ணி அருகிற் செல்வது பேதைமை.

இங்கே நாம் அறிய வேண்டிய வியப்பான செய்தி ஒன்று உண்டு. காட்டு விலங்குகள் பெரிய வண்டியைக் கண்டு மிகுதியாக வெருவுவதில்லை. நாள்தோறும் வந்துபோகும் வண்டிகள் அவற்றிற்குப் பழகிவிடுகின்றன. ஆனால் இரு கால்களால் நடந்துவரும் மனித உருவைக் கண்டால் தொலைவிலேயே தலைநிமிர்ந்து பார்த்து விலகத் தொடங்கும். பன்னெடுங்காலமாக மனிதன் வேட்டையாடியவன் அல்லவா? வெருண்டு ஓடும் ஒவ்வொரு முறையும் அவ்விலங்கு மேய்ச்சலை இழக்கிறது. குட்டி தாயைப் பிரிய நேர்கிறது. எனவே, நடந்து செல்லும் உரிமை பெற்றவர்களுக்கு, வண்டியில் செல்வோரைக் காட்டிலும் அடக்கம் மிகுதியாக வேண்டும்.

புல்வெளியினூடே

இனி நாம் ஒரு மிதிவண்டியில் ஏறிக்கொண்டதாக எண்ணிக்கொள்வோம். பூங்காவின் முதன்மை நுழைவாயிலுக்கு 'எல்சா வாயில்' என்று பெயர். எல்சா என்பது ஒரு பெண்சிங்கம். ஜாய் ஆடம்சன், ஜார்ஜ் ஆடம்சன் என்னும் இணையர் அதனைக் குட்டிப் பருவத்திலிருந்து வளர்த்து, பின்னர்க் காட்டிலேயே வாழப் பழக்கினர். ஜாய் அம்மையார் வாழ்ந்த இல்லம் நைவாஷா ஏரிக்கரையில் இன்றும் உள்ளது.

வாயிலில் மிதிவண்டிகள் வாடகைக்குக் கிடைக்கும். ஏறுமுன் தடையையும் சக்கரத்தின் காற்றையும் நாமே சோதித்துக்கொள்ள வேண்டும். குடிநீர் மிகுதியாக வேண்டும். இவ்விடம் நிலநடுக்கோட்டிற்கு மிக அண்மையில் இருப்பினும், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆதலின் காலையில் குளிர் உறைக்கும். உச்சிப்பொழுதில் வெயில் சுடும். மேடேறும்போது மூச்சு விரைவில் வாங்கும்.

வாயிலைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும், தனித்து நிற்கும் ஒரு கற்றூண் தோன்றும். அதுவே 'பிஷர் கோபுரம்'. உயரம் 25 மீட்டர். பண்டைக் காலத்தில் எரிமலையின் குழலுக்குள் இறுகிப்போன பாறைக்குழம்பே அது. சுற்றியிருந்த மென்மண் கரைந்துபோக, வன்கல் மட்டும் எஞ்சி நிற்கிறது. மசாய் மக்களோ வேறு கதை கூறுவர். மணம்பேசப்பட்ட பெண் ஒருத்தி, திரும்பிப் பார்க்கலாகாது என்ற பெரியோர் சொல்லை மீறிப் பிறந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தாளாம்; அக்கணமே கல்லானாளாம்.

அக்கற்றூணின் இடுக்குகளில் முயலளவேயான சிறு விலங்குகள் வெயில் காய்வதைக் காணலாம். அவற்றைப் 'பாறை ஹைராக்ஸ்' என்பர். உருவிற் சிறியனவாயினும் அவை யானைக்கு நெருங்கிய உறவின என்பது அறிஞர் கண்ட உண்மை. யானை இல்லாத பூங்காவில் யானையின் உறவினர் இருப்பது விந்தையே!

அப்பால் இருபுறமும் செந்நிறப் பாறைச் சுவர்கள் உயர்ந்து நிற்க, நடுவே புல்வெளி விரிகிறது. மண்பாதையின் ஓரத்தில் வரிக்குதிரைகள் மேய்கின்றன. நாம் 'வரிக்குதிரை' என்கிறோம். சுவாகிலி மொழியினரோ 'புண்டா மிலியா' என்பர். அதன் பொருள் 'வரிக்கழுதை' என்பதாம். நமக்குக் குதிரையாய்த் தோன்றியது அவர்க்குக் கழுதையாய்த் தோன்றியது போலும்! ஒட்டகச்சிவிங்கி, மான் வகைகள், கோரைப்பல் நீண்ட காட்டுப்பன்றி, பபூன் குரங்கு ஆகியவற்றையும் காணலாம். மிதிவண்டிக்கு இயந்திர ஒலி இல்லை. ஆதலின் புல்லைக் கடிக்கும் ஓசையும், குளம்படி ஓசையும், வாலால் ஈயை ஓட்டும் ஓசையுங்கூட நம் செவிக்கு எட்டும்.

பாறைச் சுவரின் உச்சியில் 'ரூப்பல்' என்னும் பாறுக்கழுகுகள் கூடு கட்டுகின்றன. பறவைகளிலேயே மிக உயரப் பறந்ததாகப் பதிவு பெற்றது இவ்வினமே. 1973ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில், 11,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், இவ்வினப் பறவை ஒன்று விமானத்தின்மீது மோதியது.

நிலத்தடி நெருப்பின் பயன்

பூங்காவின் எல்லைக்குள்ளேயே ஒல்காரியா என்னும் மின்நிலையம் உள்ளது. நிலத்தை ஆழத் துளைத்து, அடியிலுள்ள வெப்பத்தால் எழும் நீராவியைக் குழாய்வழிக் கொணர்ந்து, அதனால் உருளையைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்குகின்றனர். 1981ஆம் ஆண்டில் 15 மெகாவாட் திறனோடு தொடங்கிய இந்நிலையம், இன்று பன்மடங்கு வளர்ந்துள்ளது. கென்யாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு நிலத்தடி வெப்பத்தால் கிடைப்பதாகும். கரியும் எண்ணெயும் எரிக்காமல் கிடைக்கும் மின்சாரம் நாட்டிற்கு நன்மையே. ஆயினும் புதிய சாலைகளும் குழாய்களும் பெருகப் பெருக விலங்குகளின் வழித்தடம் சுருங்குகிறது. சிற்சில இடங்களில் விலங்குகள் கடந்து செல்லும் பொருட்டுக் குழாய்களை வளைவாக உயர்த்தி அமைத்துள்ளனர். விளக்கும் வேண்டும், விலங்கும் வேண்டும் என்னும்போது இரண்டிற்கும் இடம் விடுவதே அறிவுடைமை.

உண்மையான இடர் எது?

நுழைவாயிலிலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர் சென்றால், மிதிவண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டிய இடம் வரும். அங்கே ஒல் ஞொரோவா என்னும் ஆழ்ந்த இடுக்கு உள்ளது. முற்காலத்தில் நைவாஷா ஏரி நிறைந்து வழிந்தபோது, அந்நீர் மென்பாறையை அறுத்து உண்டாக்கிய வழி அது. சுவர்கள் நெருங்கி, மேலே வானம் ஒரு நாடாவைப் போல் தோன்றும். சில இடங்களில் பாறையிலிருந்து வெந்நீர் கசியும்.

பார்ப்பதற்கு அழகிய இவ்விடமே பூங்காவில் மிகவும் அஞ்சத்தக்கது. தலைக்கு மேலே வானம் தெளிந்திருக்கும். தொலைவிலுள்ள மேட்டில் மழை பெய்யும். அம்மழைநீர் முழுவதும் இவ்விடுக்கினுள் புகுந்து, சிறிது நேரத்திற்குள் சுவர்போல் பாய்ந்து வரும். ஏறித் தப்புவதற்கும் எல்லா இடங்களிலும் வழி இராது. 2012 ஏப்ரல் மாதத்திலும் 2019 செப்டம்பர் மாதத்திலும் இத்தகைய வெள்ளத்தால் ஒவ்வொரு முறையும் எழுவர் உயிரிழந்தனர். 2019ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்குப் பின் அவ்விடுக்கு மூடப்பட்டது. காவலர் 'இறங்கலாகாது' என்றால், தொலைவிலிருந்து வந்தோம் என்று வாதிடுதல் தகாது.

நம் நாட்டு நீர்வீழ்ச்சிகளிலும் இதே இடர் உண்டு. மலாய்மொழியில் அதனைக் 'கெப்பாலா ஆயர்' என்பர். மலையில் மழை பெய்து, கீழே நீர் திடீரெனக் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், அக்கணமே கரையேற வேண்டும். துண்டையோ காலணியையோ எடுப்பதற்குத் திரும்புதல் கூடாது. இதனை நாம் ஒருபோதும் மறத்தலாகாது.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

எந்தக் காட்டிற்குச் சென்றாலும் சில நெறிகள் பொதுவானவை. பாதையை விட்டு விலகலாகாது. விலங்கிற்கு உணவளிக்கலாகாது, உணவு கொடுத்துப் பழக்கிய குரங்கு நாளடைவில் பறிக்கும் குரங்காகிவிடும். விலங்கு நம்மைப் பார்த்து மேய்வதை நிறுத்தினால், நாம் மிக அருகில் வந்துவிட்டோம் என்று பொருள். அங்கேயே நின்றுவிட வேண்டும். கூச்சலிடுதலும் தனித்துச் செல்லுதலும் தீது. குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வழிகாட்டியின் சொல்லைத் தட்டலாகாது.

மாணவ நண்பர்களே! சிங்கத்திற்கு அஞ்சுவோம் என்று எண்ணியே இக்கட்டுரையைத் தொடங்கியிருப்போம். ஆனால் அங்கே சிங்கத்தைவிட, கண்ணுக்குத் தெரியாமல் தொலைவில் பெய்யும் மழையே அஞ்சத்தக்கது என அறிந்தோம். வண்டிக்குள் அமர்ந்திருப்பவரைத் தகரச் சுவர் காக்கும். நடந்து செல்பவரைக் காப்பவை அவர்தம் கண்ணும் செவியும் பெரியோர் சொல் கேட்கும் பண்புமே. அவற்றைத் துணையாகக் கொண்டு செல்வோர்க்கு நரகவாயிலும் நல்வாயிலாகத் திறக்கும்.